ஐந்தாவது வருஷத்தில் கைக்கு வந்த கோப்பை! 6 அடி 8 அங்குல வாலிபால் வீராங்கனையின் கதை

அமெரிக்காவில் ஓகியோ மாநிலத்தில் உள்ள கொலம்பஸ் நகரம். 2021-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ந்தேதி. சனிக்கிழமை இரவு.

உள்ளரங்கம் நிரம்பி வழிந்தது. வந்திருந்தவர்கள் 18 ஆயிரத்து 755 பேர்!

சினிமா நட்சத்திரம் யாரும் வரவில்லை. பாட்டுக் கச்சேரியும் கிடையாது. காலேஜ் பெண்கள் ஆடும் வாலிபால் பந்தயம்! அமெரிக்க கல்லூரி பெண்கள் வாலிபால் இறுதி ஆட்டத்துக்கு அன்றைய தேதி வரை அவ்வளவு கூட்டம் வந்ததே இல்லை.

விஸ்கான்சின் பல்கலைக்கழகமும், நெப்ராஸ்கா பல்கலைக்கழகமும் மோதின. ஆளுக்கு 2 செட். கடைசி செட்டில் விஸ்கான்சின் 14, நெப்ராஸ்கா 12. இன்னும் ஒரே ஒரு புள்ளி.

ஒரு நெட்டைப் பெண் எம்பினார். ஓங்கி அடித்தார். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது! விஸ்கான்சின் சரித்திரத்தில் முதல் தடவையாக தேசிய சாம்பியன் பட்டம்.

அந்தப் பெண்ணின் பெயர் டேனா ரெட்கி. அந்த ஒரு அடிக்காக அவர் ஐந்து வருஷம் காத்திருந்தார். அதன் விவரம் வருமாறு:-

யார் இவர்?

டேனா ரெட்கி 1999-ம் ஆண்டு ஜனவரி மாதம் பிறந்தவர். சிகாகோ நகரை ஒட்டிய ரிவர்சைடு என்ற ஊரில் வளர்ந்தார்.

உயரம் 6 அடி 8 அங்குலம். நம் வீட்டு வாசற்படிகளில் பலவற்றில் குனிந்துதான் உள்ளே வரவேண்டும்!

பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்தும் ஆடினார், வாலிபாலும் ஆடினார். இத்தனை உயரம் இருந்தால் கூடைப்பந்துக்காரர்கள் கொத்திக்கொண்டு போகத்தான் பார்ப்பார்கள். ஆனால் கடைசியில் ஜெயித்தது வாலிபால். 2017-ம் ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அது மேடிசன் நகரில் இருக்கிறது. 1930-ல் கட்டிய பழைய விளையாட்டு அரங்கம் ஒன்று அங்கே உண்டு. அதுதான் இவர்களுடைய சொந்தக் களம்.

பயிற்சியாளர் கெல்லி ஷெப்பீல்ட் அவரை நிறுத்திய இடம், வலைக்கு முன்னால் நட்ட நடுவில். அந்த இடத்துக்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் மிடில் பிளாக்கர்.

மூன்று எதிரி

வாலிபால் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வலையை ஒட்டி மூன்று பேர் நிற்பார்கள். இடது ஓரம் ஒருவர், வலது ஓரம் ஒருவர், நடுவில் ஒருவர்.

ஓரத்தில் நிற்பவருக்குப் பெரும்பாலும் எதிரே ஒரு ஆள்தான் கணக்கு. நடுவில் நிற்பவருக்கோ மூன்று பேரும் கணக்கு! எதிர் அணியின் செட்டர், அதாவது பந்தை அடிப்பதற்குத் தூக்கிக் கொடுப்பவர், இடது பக்கம் கொடுப்பாரா? வலது பக்கமா? இல்லை நடுவிலேயே சட்டென்று தட்டிவிடுவாரா? அவர் விரலைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? ஓட வேண்டும். களத்தின் அகலம் சுமார் 30 அடி. நடுவில் இருந்து ஓரத்துக்கு 15 அடி. பந்து அங்கே போய்ச் சேருவதற்குள் இவர் பக்கவாட்டில் பாய்ந்து, நின்று, எம்பி, இரண்டு கையையும் வலைக்கு மேலே நீட்டியிருக்க வேண்டும். அரை நொடி தாமதித்தால் பந்து பின்னால் விழுந்திருக்கும். கூட்டத்துக்கு என்ன தெரியும்? "நெட்டச்சி கோட்டை விட்டுட்டா!" என்றுதான் சொல்லும்.

பந்து அடிப்பதிலும் இதே பாடுதான்.

நடு ஆள் எம்பிய பிறகுதான் பந்து வரும். சில சமயம் செட்டரின் கையில் பந்து படும்போதே இவர் ஆகாயத்தில் இருப்பார். பந்து இவருக்கு வந்தால் அடி இடி மாதிரி இறங்கும். ஆனால் பெரும்பாலும் வராது! வேறு பக்கம் போய்விடும். இவர் வெறும் கையோடு இறங்குவார்.

அது வீண் குதிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இவர் எம்பும்போது எதிர் அணியின் நடு ஆளும் கூடவே எம்பியாக வேண்டும். அவர் இறங்குவதற்குள் பந்து ஓரத்துக்குப் போயிருக்கும். அங்கே நிற்பவருக்கு தடுப்பு பாதியாகிவிடும். அவர் அடித்துப் புள்ளி எடுப்பார். கைதட்டலும் அவருக்கு, கணக்குப் புத்தகத்தில் புள்ளியும் அவருக்கு. நடுவில் குதித்தவரின் பெயர் எந்தப் பத்தியிலும் ஏறாது.

கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். காலையில் இருந்து ராத்திரி வரை ஓடுவார். ஆல்பத்தைப் புரட்டினால் ஒரு படத்திலும் இருக்கமாட்டார். மிடில் பிளாக்கர் அந்த ஜாதி!

இன்னொன்றும் உண்டு. சுற்று மாறி பின் வரிசைக்குப் போனால், பெரும்பாலும் இவரை வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். வேறு நிறச் சட்டை போட்ட 'லிபரோ' என்ற ஆட்டக்காரி உள்ளே வருவார். தரையோடு தரையாக விழுந்து பந்து எடுப்பது அவர் வேலை. ஆக, ஆட்டத்தில் ஏறக்குறைய பாதி நேரம் நடு ஆளுக்கு பெஞ்சுதான்.

இந்த இடத்தில் ஆடிக்கொண்டு நாடு முழுவதும் பெயர் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ரெட்கி வாங்கினார்.

பெண்கள் வாலிபால் வலையின் உயரம் 2.24 மீட்டர். நம் கணக்கில் சுமார் 7 அடி 4 அங்குலம். ரெட்கியின் உச்சந்தலைக்கும் வலையின் மேல் நுனிக்கும் இடையில் ஒரு சாண் தூரம்கூட சரியாக இல்லை. குதிக்காமல் நின்றபடி கையைத் தூக்கினாலே விரல்கள் வலைக்கு மேலே போய்விடும்.

"அப்புறம் என்ன, உயரம் இருக்கு, ஜெயிக்கிறாங்க" என்று சிலர் சொல்லலாம். அப்படி இல்லை. உயரமானவர்கள் பக்கவாட்டில் பாய்வதுதான் கஷ்டம். கால் நீளம், உடம்பு திரும்பவே நேரம் பிடிக்கும். உயரமும் இருந்து, வேகமும் இருந்து, செட்டரின் மனசைப் படிக்கும் கண்ணும் இருந்தால்தான் இந்த வேலை ஓடும். நெட்டையாக இருப்பவர் எல்லாம் இந்த இடத்தில் நிலைத்துவிடுவதில்லை.

வந்த வேகத்தில் பரிசு

2017-ல் முதல் வருஷ மாணவியாக இறங்கியவர், அந்த வருஷமே நாட்டின் சிறந்த புதுமுக ஆட்டக்காரி என்ற பரிசைத் தட்டிக்கொண்டு போனார். பயிற்சியாளர்கள் சங்கம் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் அகில அமெரிக்க முதல் அணியிலும் இடம் கிடைத்தது.

ஆனால் கோப்பை? அதுதான் கிடைக்கவில்லை.

அமெரிக்க கல்லூரி பந்தயத்தின் முறை ரொம்பப் பொல்லாதது. லீக் ஆட்டங்கள் எல்லாம் முடிந்த பிறகு 64 அணிகளைப் பொறுக்கி எடுப்பார்கள். அதன் பிறகு ஒரு ஆட்டம் தோற்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான். வரிசையாக 6 ஆட்டம் ஜெயித்தால்தான் சாம்பியன்.

2018-ல் கடைசி 8 அணிகளில் ஒன்றாக விஸ்கான்சின் வந்தது. எதிரே நின்றது இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம். ரெட்கி பிறந்து வளர்ந்த மாநிலத்தின் அணி! அதுவும் அவர்களுடைய சொந்த ஊரில் ஆட்டம். சொந்த மாநிலமே வழி மறித்தது. விஸ்கான்சின் வெளியேறியது.

2019-ல் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டார்கள். பிட்ஸ்பர்க் நகரில் ஆட்டம். எதிரி ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம். அந்த அணியில் கேத்ரின் பிளம்மர் என்று ஒரு புயல். 6 அடி 6 அங்குல உயரம். ஓரத்தில் இருந்து அடிப்பவர். அவர் அடித்த அடியில் விஸ்கான்சின் தடுப்புச் சுவர் நொறுங்கியது.

25-16, 25-17, 25-20. மூன்றே செட்டில் கதை முடிந்தது! பிளம்மருக்கு அது மூன்றாவது கோப்பை. ரெட்கிக்கு இன்னும் ஒன்றுகூட இல்லை.

கொரோனா வந்தது

2020-ம் ஆண்டு கொரோனா நோய் உலகத்தையே பூட்டிப் போட்டது. காலேஜ் பந்தயங்கள் தள்ளிவைக்கப்பட்டன. விஸ்கான்சின் அணியின் வாலிபால் ஆட்டங்கள் 2021-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில்தான் தொடங்கின. கடைசிப் போட்டிக்கு 64 அணிகளுக்குப் பதில் 48 அணிகள்தான். ஊர் ஊராகப் போகவேண்டாம் என்று எல்லோரையும் ஒமாஹா என்ற ஒரே நகரத்தில் கூட்டிவைத்து ஆடவிட்டார்கள்.

அது ரெட்கிக்கு நான்காவது வருஷம். வழக்கப்படி அதுவே கடைசி வருஷம்.

விஸ்கான்சின் அணி அந்த சீசனில் தோல்வியே காணவில்லை. 18 ஆட்டம், 18 வெற்றி! இந்தத் தடவை கோப்பை இவர்களுக்குத்தான் என்று ரசிகர்கள் நம்பினார்கள்.

அரை இறுதியில் டெக்சாஸ் வந்தது. மூன்று நேர் செட்டில் விஸ்கான்சின் தோற்றது. 18 வெற்றியும் தண்ணீரில் கரைந்த உப்பு மாதிரி போயிற்று.

மற்ற எந்த வருஷமாக இருந்தாலும் கதை இங்கே முடிந்திருக்கும். கல்லூரி ஆட்டக்காரருக்கு 4 சீசன்தான் கணக்கு. அதற்கு மேல் ஆடவிட மாட்டார்கள். ஆனால் "கொரோனா சீசனை கணக்கில் சேர்க்கமாட்டோம். விருப்பம் உள்ளவர்கள் இன்னொரு வருஷம் ஆடலாம்" என்று அமெரிக்க கல்லூரி விளையாட்டு அமைப்பு அறிவித்திருந்தது.

சம்பளமா? காலேஜா?

இங்கேதான் பெரிய கேள்வி எழுந்தது.

அந்தக் காலத்தில் அமெரிக்க கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு கல்லூரி சம்பளம் கொடுப்பது கிடையாது. படிப்புச் செலவு, தங்கும் செலவு, சாப்பாடு எல்லாம் உதவித்தொகையில் நடக்கும். 2021-ம் ஆண்டு ஜூலை மாதத்தில்தான் விளம்பரங்களில் தோன்றி காசு பார்க்கலாம் என்று விதியையே தளர்த்தினார்கள். ஆனால் கடல் தாண்டி இத்தாலி, துருக்கி நாடுகளில் வாலிபால் கிளப்புகள் நல்ல சம்பளம் கொடுத்து ஆள் எடுக்கின்றன. நான்கு வருஷமும் அகில அமெரிக்க அணியில் இடம் பிடித்த 22 வயதுப் பெண், நேரே விமானம் ஏறியிருக்கலாம்.

நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் என்ன சொல்வோம்? "வேலை கிடைக்கும்போது போய்ச் சேருடி, கோப்பையை வைத்துக்கொண்டு கஞ்சி காய்ச்ச முடியுமா?" என்றுதான் சொல்வோம்.

ரெட்கி போகவில்லை. இன்னொரு வருஷம் ஆட வந்தார்.

அவர் மட்டும் இல்லை. அவரோடு சேர்ந்து 2017-ல் அணிக்குள் வந்த செட்டர் சிட்னி ஹில்லியும் வந்தார். மூத்த ஆட்டக்காரிகள் இன்னும் சிலரும் வந்தார்கள். இது சாதாரண விஷயம் இல்லை. நடு ஆளுக்கும் செட்டருக்கும் உள்ள உறவு டிரைவர், கண்டக்டர் மாதிரி. ஒருவர் விசில் கொடுப்பார், மற்றவர் எடுப்பார், பேச்சே தேவையில்லை. பந்து எங்கே வரும், எந்த உயரத்தில் வரும் என்று பார்க்காமலே தெரிய வேண்டும். அது ஒரு வருஷத்தில் வருவதில்லை. இவர்கள் இருவரும் ஐந்தாவது வருஷமாக ஜோடி சேர்ந்தார்கள்.

புது ஆளும் ஒருவர் சேர்ந்தார். கனடாவில் இருந்து வந்த அன்னா ஸ்மரெக். முதல் வருஷ மாணவி. உயரம் 6 அடி 9 அங்குலம்! அவருடைய தந்தை அமெரிக்க தொழில்முறை கூடைப்பந்தில் ஆடியவர். ரெட்கியையே அண்ணாந்து பார்க்க வைத்தவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோற்ற வருஷத்தில்...

2021 சீசனில் விஸ்கான்சின் 3 ஆட்டங்களில் தோற்றது. ஒரு ஆட்டம்கூட தோற்காமல் வந்த சீசனில் அரை இறுதியோடு போனவர்கள், மூன்று தடவை தோற்ற இந்த சீசனில் இறுதி வரை வந்தார்கள். விளையாட்டில் இதற்கெல்லாம் கணக்கு கிடையாது.

அரை இறுதியில் எதிரே வந்தது லூயிவில் அணி. இந்த முறை தோல்வியே காணாமல் வந்தவர்கள் அவர்கள்! 32 ஆட்டம், 32 வெற்றி. போன தடவை தங்களுக்கு நேர்ந்ததை விஸ்கான்சின் இந்தத் தடவை லூயிவிலுக்குச் செய்தது. 5 செட் போராட்டத்தில் வெற்றி!

இறுதி ஆட்டத்தில் நெப்ராஸ்கா. ஐந்து தடவை சாம்பியன் ஆன பழம்பெரும் அணி. இரண்டும் ஒரே லீக்கில் ஆடும் அணிகள்தான். அந்த லீக்கின் பெயர் 'பிக் டென்', அதாவது பெரிய பத்து. அப்போது அதில் இருந்த அணிகள் 14! ஏன் பெயரை மாற்றவில்லை என்று கேட்கக்கூடாது.

இதில் ஒரு பழைய கணக்கும் பாக்கி இருந்தது. நெப்ராஸ்கா பயிற்சியாளர் ஜான் குக், முன்பு விஸ்கான்சின் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர்! அவர் நெப்ராஸ்காவுக்குப் பொறுப்பேற்ற 2000-ம் ஆண்டில், இறுதி ஆட்டத்தில் தன் பழைய அணியான விஸ்கான்சினை 5 செட்டில் தோற்கடித்தார். அதற்குப் பிறகு 2013-லும் 2019-லும் விஸ்கான்சின் இறுதிக்கு வந்து மண்ணைக் கவ்வியது. மூன்று இறுதி, மூன்று தோல்வி. இது நான்காவது.

இரண்டே புள்ளி!

முதல் செட்டை நெப்ராஸ்கா 25-22 என்று பறித்தது.

இரண்டாவது செட்தான் உயிரை எடுத்தது. 25 புள்ளி எடுத்தால் போதாது, 2 புள்ளி முன்னால் இருக்க வேண்டும் என்பது விதி. 25 தாண்டியது. 26, 27, 28... யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. 30-ம் தாண்டியது. கடைசியில் 31-29 என்று விஸ்கான்சின் மூச்சுவிட்டது. ஒரே செட்டில் 60 புள்ளிகள்! அதையும் தோற்றிருந்தால் 0-2 என்று ஆகியிருக்கும். அதற்குப் பிறகு எழுந்திருப்பது கஷ்டம்.

மூன்றாவது செட் 25-23, விஸ்கான்சினுக்கு. நான்காவது செட் 25-23, நெப்ராஸ்காவுக்கு. ஐந்தாவது செட் 15-12.

கணக்கு எழுதுகிறவர்கள் ஐந்து செட்டையும் கூட்டிப் பாருங்கள். விஸ்கான்சின் 116. நெப்ராஸ்கா 114. மொத்தம் 230 புள்ளிகள் ஆடி, வித்தியாசம் இரண்டே இரண்டு!

அந்த இரண்டு எங்கே இருந்து வந்தது? வலைக்கு மேலே இருந்துதான். விஸ்கான்சின் அன்று வலையில் மறித்தே எடுத்த புள்ளிகள் 24. இறுதி ஆட்டத்தில் அதுவரை எந்த அணியும் அத்தனை எடுத்தது இல்லை. அவற்றில் 13 தடுப்புகளில் ரெட்கியின் கை இருந்தது. அடித்தும் 11 புள்ளிகள் எடுத்தார். கடைசி அடி அவருடையது.

இத்தனைக்கும் போட்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரி பரிசு யாருக்குப் போயிற்று தெரியுமா? புதுமுகம் அன்னா ஸ்மரெக்குக்கு! அவர் ஆடிய ஆட்டத்துக்கு அது தகும், குறை சொல்ல முடியாது. ஆனால் பந்தி பரிமாறியவர் இந்தப் படத்திலும் ஓரமாகத்தான் நின்றார்.

அதற்கு ஈடு வேறு பக்கம் கிடைத்தது. 2021-ம் ஆண்டின் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரி என்ற விருது ரெட்கிக்கு வந்தது. அகில அமெரிக்க முதல் அணியில் ஐந்து தடவை இடம் பெற்ற முதல் ஆட்டக்காரி என்ற பெயரும் வந்தது. கொரோனா வராவிட்டால் ஐந்தாவது வருஷமே இல்லை, ஆகவே இந்தச் சாதனையும் இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் அந்த வாய்ப்பு அமெரிக்காவில் ஆடிய எல்லாப் பெண்களுக்கும்தான் கிடைத்தது. ஐந்து தடவையும் முதல் அணியில் நின்றவர் இவர் ஒருவர்தானே!

இத்தாலியும் பாரிசும்

கோப்பையை வாங்கிய பிறகுதான் ரெட்கி இத்தாலிக்குப் போனார். மிலான், மோன்சா பக்கத்தில் உள்ள வெரோ வாலி கிளப்பில் ஆடினார். தள்ளிப்போட்ட சம்பளம் ஒரு வருஷம் கழித்துக் கிடைத்தது.

2024-ம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்கு அமெரிக்க பெண்கள் அணி அறிவிக்கப்பட்டது. மொத்தம் 12 பேர். அதில் ரெட்கி ஒருவர். இன்னொருவர் யார் என்கிறீர்கள்? 2019-ல் பிட்ஸ்பர்க்கில் அவரை அழவிட்ட அதே கேத்ரின் பிளம்மர்! நெப்ராஸ்காவில் படித்து ஆடிய ஜோர்டான் லார்சனும், கெல்சி ராபின்சன் குக்கும் அதே அணியில் இருந்தார்கள். எல்லோரும் ஒரே நிறச் சட்டை போட்டார்கள்.

அரை இறுதியில் பிரேசிலை 5 செட்டில் சாய்த்தார்கள். ஆகஸ்டு 11-ந்தேதி நடந்த இறுதி ஆட்டத்தில் எதிரே வந்தது இத்தாலி. அந்த அணியின் அதிரடி ஆட்டக்காரி பவோலா எகோனு, மிலான் கிளப்பில் ரெட்கியோடு ஒரே அணியில் ஆடியவர். அன்று வலைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

மூன்று நேர் செட்டில் இத்தாலி ஜெயித்தது. தங்கம் எகோனுவுக்கு. ரெட்கிக்கும் பிளம்மருக்கும் வெள்ளி.